பெற்றோர் உளநலமும் மழலைப் பருவமும்: ஒஷாவாத் தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

ரொறன்ரோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் அமைந்துள்ள நகரம் ஒஷாவா. மோட்டார் வாகனத் தொழிலால் நெடுங்காலமாக அறியப்பட்ட இந்நகரில், 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 175,383 பேர் வாழ்ந்தனர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின் கனடா வந்து ஸ்காபரோவில் குடியேறிய ஈழத்தமிழரிற் பலர், வீட்டு விலை ஏற ஏறப் பிக்கறிங், ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா எனக் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். இந்நகர்வினால் சொந்த வீடும் முற்றமும் வாய்த்தன. ஆனால் நடந்து செல்லும் தொலைவில் இருந்த தமக்கையின் வீடும் தமிழ்க் கடையும் வாகனத்திற் செல்லும் தொலைவுக்குப் போயின. ஏரிக்கரை வழியே கிழக்கே வரும் புறநகர்த் தொடருந்துப் பாதை ஒஷாவாவில் முடிகிறது. காலையில் அதில் ஏறி ரொறன்ரோவுக்கு வேலைக்குச் செல்லும் தந்தை, குளிர்காலத்தில் இருட்டிய பின்னரே வீடு திரும்புகிறார். பகல் முழுவதும் வீட்டில் இருப்போர் தாயும் கைக்குழந்தையும் மட்டுமே.

இத்தகைய வீட்டில் பெற்றோரின் உளநலம் எவ்வாறு அறியப்படுகிறது, எவ்வாறு அறியப்படாமற் போகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மகப்பேற்றுக்குப் பின்னரான மனச்சோர்வு பற்றிய ஆய்வு இன்று பெருகியுள்ளது. அவ்வாய்வின் பயன் தமிழ்க் குடும்பங்களைச் சென்றடைய இரண்டு மாற்றங்கள் தேவை. ஒன்று, தாயைத் தனியாளாகக் கருதாமல் அவரைச் சூழ்ந்த குடும்பத்தையே கவனிப்புக்குரிய அலகாகக் கொள்ளல். மற்றொன்று, அவரிடம் கேட்கப்படும் வினா, அவர் துயரைச் சொல்லப் பழகிய தமிழில் அமைதல். இரண்டாவது மாற்றம் மருத்துவரால் மட்டும் நிகழக்கூடியதன்று. தமிழியலாளருக்கும் அதிற் பங்குண்டு.

2. பெற்றோரின் மனம் குழந்தையைச் சென்றடையும் வழி

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஓர் எளிய சோதனையை வடிவமைத்தார். தாய் தன் குழந்தையோடு வழக்கம்போற் கொஞ்சி விளையாடுகிறாள். பின்னர் இரண்டொரு நிமிடம் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாது குழந்தையைப் பார்த்தபடி இருக்கிறாள். குழந்தை முதலிற் சிரித்தும் கைநீட்டியும் தாயை மீண்டும் அழைக்க முயல்கிறது. பயன் காணாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சில குழந்தைகள் அழுகின்றன. சில மாதக் குழந்தையும் மறுமொழியை எதிர்பார்க்கிறது என்பதை இச்சோதனை தெளிவாக்கியது. மனச்சோர்வுற்ற தாய்க்கு அன்பு குறைவதில்லை. உறக்கமின்மையும் களைப்பும் தன்னையே நொந்துகொள்ளும் எண்ணமும் அவ்வன்பை முகத்திலும் குரலிலும் வெளிப்படுத்தும் வலுவைக் குறைக்கின்றன. தாலாட்டும் பேச்சும் குறைந்தால், குழந்தை மொழிகற்கும் வாய்ப்பும் குறைகிறது.

ட்ரோனிக்கின் பிற்கால ஆய்வுகள் ஆறுதல் தரும் மற்றொரு செய்தியையும் கூறுகின்றன. நலமுள்ள தாயும் குழந்தையும்கூட எந்நேரமும் ஒத்திசைந்திருப்பதில்லை. இசைவு அடிக்கடி குலைகிறது. அது மீண்டும் சரிசெய்யப்படுவதே குழந்தைக்கு நம்பிக்கை தருகிறது. பெற்றோரின் உளநோய் குழந்தையிடத்து உண்டாக்கும் விளைவுகளைத் தொகுத்து 2014இல் 'லான்செற்' மருத்துவ இதழில் அலன் ஸ்ரைனும் பிறரும் எழுதிய ஆய்வும் இதனோடு பொருந்துகிறது. அவ்விளைவுகள் தவிர்க்க முடியாதவை அல்ல. பெரும்பாலும் சிறியனவாகவோ நடுத்தரமாகவோ உள்ளன. சோர்வு நீண்டகாலம் தொடரும்போதும், வறுமையும் ஆதரவின்மையும் சேரும்போதும் வலுப்பெறுகின்றன. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இவ்வாய்வில் இடமில்லை.

தந்தையரும் இதில் விலக்கல்லர். 2010இல் போல்சன், பேஸ்மோர் என்னும் இருவர் 43 ஆய்வுகளைத் தொகுத்து, மனைவி கருவுற்ற காலம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை ஏறத்தாழ 10 விழுக்காட்டுத் தந்தையரிடம் மனச்சோர்வு காணப்படுவதைக் காட்டினர். தாயின் சோர்வும் தந்தையின் சோர்வும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதும் அவர்தம் முடிபு. ஆயினும் குழந்தையைப் பார்க்க வரும் தாதியோ மருத்துவரோ தந்தையின் மனநிலையை வினவுவது அரிதாகவே உள்ளது.

3. வேலூர் தரும் சான்று

மகப்பேற்றுக்குப் பின்னரான மனச்சோர்வு மேலைநாட்டுப் பெண்களின் நோய் என்றும், கூட்டுக் குடும்பத்தில் வாழும் நம் பெண்களுக்கு அது வருவதில்லை என்றும் ஒரு கருத்து இன்றும் நிலவுகிறது. அதற்கு விடை தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்துள்ளது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சந்திரன், தரியன், முளியில், ஆபிரகாம் ஆகியோர் கிராமப்புறப் பெண்கள் 359 பேரைக் கருவுற்ற இறுதி மாதங்களில் நேர்கண்டு, மகப்பேற்றின் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் சந்தித்தனர். 2002இல் பிரித்தானிய உளமருத்துவ ஆய்விதழில் வெளியான அவர்தம் கட்டுரை, மகப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காடு எனக் கணித்தது.

எண்ணிக்கையினும் முக்கியமானவை அவ்வாய்வு கண்ட காரணங்கள். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டிற் பெண் குழந்தை பிறத்தல், மாமியாருடனும் தன் பெற்றோருடனும் உறவுச் சிக்கல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கைவேலைக்கு உதவி இல்லாமை என்பனவே அவை. இவற்றுள் எதுவும் தாயின் மனத்துக்குள் மட்டும் அடங்கியதன்று. அனைத்தும் அவர் வாழும் வீட்டிலும் உறவிலும் வேர் கொண்டவை. உறவினர் சூழ இருப்பது மட்டும் போதாது என்பதும் இதனாற் புலனாகும். உறவு தாங்கினால் மருந்தாகிறது, இடித்தால் நோயாகிறது.

4. யாழ்ப்பாணத்திலிருந்து ஒஷாவா வரை

யாழ்ப்பாண வழக்கிற் பெண் பெரும்பாலும் திருமணத்தின் பின்னரும் தாய்வீட்டிலோ அதன் அருகிலுள்ள சீதன வீட்டிலோ வாழ்வாள். மகப்பேற்றின் பின் வேதுநீர் வார்ப்பதும், பத்தியக்கறி சமைப்பதும், இரவிற் குழந்தையை வாங்கி வைத்திருப்பதும் அவள் தாயின் பொறுப்பு. முப்பத்தொன்றாம் நாட் சடங்கு வரை அவளுக்கு வீட்டு வேலை இல்லை. துடக்கு என்னும் கருத்தின் பெயரால் ஒதுக்கிவைத்த இவ்வழக்கத்திற் குறையுண்டு; ஆயினும் அதனுள் ஒரு மாத ஓய்வும் துணையும் உறுதிசெய்யப்பட்டிருந்தன. இதற்கு வெளியே அரசின் துணையும் இருந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து வளர்ந்த இலங்கைப் பொதுச் சுகாதார அமைப்பில், குடும்பநல உத்தியோகத்தர் குழந்தை பிறந்த வீட்டைத் தேடிச் செல்வது வழக்கம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அப்பெண்மணி தாயின் மொழியிலேயே பேசுவார்.

ஒஷாவாவில் இவ்விரு துணைகளும் வேறு வடிவம் பெறுகின்றன. எந்தப் பாட்டி வருவார், எப்போது வருவார், எத்தனை காலம் தங்குவார் என்பவற்றை வழக்கம் தீர்மானிப்பதில்லை; குடிவரவுச் சட்டம் தீர்மானிக்கிறது. 2011 நவம்பரிற் கனடிய அரசு பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் விண்ணப்பங்களை ஏற்பதை இடைநிறுத்தி, அடுத்த மாதமே 'சூப்பர் விசா' என்னும் நீண்டகால வருகை அனுமதியை அறிமுகம் செய்தது. முதலில் ஒரு வருகைக்கு இரண்டு ஆண்டுகளாக இருந்த தங்கும் காலம் 2022இல் ஐந்து ஆண்டுகளாக்கப்பட்டது. அதனைப் பெறப் பிள்ளைகள் குறிப்பிட்ட வருமானம் காட்டவும், பெற்றோருக்கு மருத்துவக் காப்புறுதி வாங்கவும் வேண்டும். குறைந்த வருமானத்தை மனச்சோர்வுக்கான காரணங்களுள் ஒன்றாக வேலூர் ஆய்வு கண்டது. அதே குறைந்த வருமானமே இங்கே துணைக்கு வரவேண்டிய தாயையும் தடுத்துவிடுகிறது.

போர் விட்டுச்சென்ற சுமையும் இங்கே சேர்கிறது. மோர்ட்டன் பைசர், லோரா சிமிச், நளினி பாண்டலங்கற் ஆகியோர் ரொறன்ரோத் தமிழரிடையே நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, போரின் கொடுமைகளை நேரிற் கண்டோ பட்டோ வந்தவர் பலர் என்பதையும், 12 விழுக்காட்டினர் அதிர்ச்சிக்குப் பின்னரான மனவடு நோய்க்கு ஆளாகியிருந்ததையும், அவர்களுட் சிகிச்சை பெற்றோர் மிகச் சிலரே என்பதையும் காட்டியது. அக்காலத்துச் சிறுவர் இன்று பெற்றோர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் வடுவைத் தனிமனிதரிடம் மட்டும் தேடாது குடும்பத்திலும் ஊரிலும் தேடவேண்டும் என 2007இல் 'கூட்டு வடு' பற்றிய தம் ஆய்வில் வற்புறுத்தினார். அவர் கருத்து யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு பொருந்துமோ ஒஷாவாவுக்கும் அவ்வளவு பொருந்தும்.

கனடா முழுவதையும் நோக்கினால், 2018-2019இற் கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய தாய்நல மதிப்பீட்டில், அண்மையில் மகப்பேறு கண்ட தாய்மாருள் 23 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அல்லது பதகளிப்புக்குரிய உணர்வுகள் காணப்பட்டன. புதிதாகக் குடியேறியோர் நிலை இதனினும் கடினமானது. டொனா ஸ்டுவர்ட்டும் அவர்தம் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவிற் பிறந்த தாய்மாருள் 8.1 விழுக்காட்டினர் மனச்சோர்வு அளவீட்டில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி பெற்றனர், குடிவரவாளரில் 35.1, அகதிக் கோரிக்கையாளரில் 31.1, அகதிகளில் 25.7 விழுக்காட்டினர் அந்நிலையில் இருந்தனர்.

5. வினாவின் மொழி

மேற்சொன்ன அளவீடு எடின்பரோ வினாக்கொத்து எனப்படும். ஜோன் கொக்ஸ், ஜெனிபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோர் 1987இல் ஸ்கொட்லாந்திலிருந்து வெளியிட்ட இக்கொத்தில் பத்து வினாக்கள் உள. கடந்த ஏழு நாட்களில் தாய் எவ்வாறு உணர்ந்தார் என ஒவ்வொன்றும் கேட்கும். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை புள்ளியுண்டு. உச்சப் புள்ளி 30. முதலாய்வில் 13ஐ எட்டியோரே மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கக்கூடியோராகக் கொள்ளப்பட்டனர். நோயைத் தீர்மானிக்கும் கருவி அன்று இது. மேலும் பேச வேண்டியவர் யார் என்று காட்டும் கருவி.

இக்கொத்தின் தமிழ் வடிவத்தையும் வேலூர் அறிஞரே சோதித்தனர். 2005இல் வெளியான அவ்வாய்வின்படி, தமிழ்த் தாய்மாரிடம் மனச்சோர்வைச் சரிவர இனங்காணும் எல்லை 13 அன்று, 9 ஆகும். இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. ஆங்கிலத் தாய்மாருக்கு வகுத்த எல்லையை அப்படியே பயன்படுத்தினால், 10 அல்லது 11 புள்ளி பெற்ற தமிழ்த்தாய் நலமுடையவர் எனக் குறிக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படலாம்.

எண் ஏன் மாறுகிறது? ஒரு காரணம் மொழி. வினாக்களுள் ஒன்று, அன்றாடப் பாடுகள் தன்மேல் ஏறி அமர்ந்துவிட்டனவா என்ற பொருள்பட ஓர் ஆங்கில மரபுத்தொடரைப் பயன்படுத்துகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தாற் பொருள் கெடும். 'சமாளிக்க முடியாமல் இருக்கிறதா' என்று கேட்டால் விளங்கும். இன்னொரு வினா நிகழ்வுகளின் வேடிக்கையான பக்கத்தைக் கண்டு சிரிக்க முடிகிறதா என்கிறது. பிள்ளை பெற்ற வீட்டிற் சிரிக்க என்ன இருக்கிறது என்று எண்ணும் தாய் இதற்கு யாது விடை தருவார்? ஈழத்தமிழ்த் தாய் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'ஒரே யோசனையாகக் கிடக்குது', 'நெஞ்சு அடைக்குது', 'தலை விறைக்குது', 'ஒண்டிலும் மனம் பிடிக்குதில்லை' என்பார். அல்லது பெருமூச்சு விடுவார். 'யோசனை' என்ற சொல் தமிழ்நாட்டில் ஆலோசனையைக் குறிக்க, ஈழத்திற் கவலையைக் குறிப்பதை அறியாத மொழிபெயர்ப்பாளர், அத்தாய் ஏதோ திட்டமிடுகிறார் எனப் பொருள் கொள்ளக்கூடும்.

அகத்துணர்வு உடலிற் புலப்படுவதைத் தமிழ்மரபு நெடுங்காலமாக அறியும். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகைக்கு நான்கு நிலைக்களன் கூறுகிறது. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல்; இழவு என்பது உற்றாரையோ உடைமையையோ இழத்தல்; வறுமை வெளிப்படை. எஞ்சிய அசைவு என்பதற்கு முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையில் நின்று வருந்துதல் எனப் பேராசிரியர் உரை பொருள் விரிக்கும். புலம்பெயர்ந்தோர் துயரை இதனினும் சுருங்கக் கூறல் அரிது. தொல்காப்பியர் செய்யுட்குரிய மெய்ப்பாட்டையே பேசினார், நோயைப் பற்றியன்று. எனினும் அழுகையின் காரணத்தை அவர் மனிதனின் உறவிலும் வாழ்நிலையிலும் வைத்தார் என்பது நோக்கத்தக்கது. வேலூர் ஆய்வு கண்ட காரணங்களும் அங்கேயே உள்ளன.

கலைச்சொல்லிலும் ஒருமை இல்லை. தமிழ்நாட்டு ஏடுகள் 'மன அழுத்தம்' என்பதை நெருக்கடிக்கும் மனச்சோர்வுக்கும் மாறிமாறி வழங்குகின்றன. ஈழத்திற் 'பதகளிப்பு', 'உளவளத்துணை' முதலிய சொற்கள் நிலைபெற்றுள்ளன. சென்னை வழக்கில் அச்சான துண்டுப்பிரசுரத்தைக் கையிற் பெறும் யாழ்ப்பாணத்துத் தாய், அது தமக்குரியதன்று என ஒதுக்கிவைக்க இடமுண்டு.

6. செய்யத்தக்கவை

ஒன்ராறியோவில் அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1998 முதல் மாகாண அரசின் நலமிகு குழந்தைகள் திட்டத்தின் கீழ்ப் பொதுச் சுகாதாரத் தாதியர் தேவையுள்ள வீடுகளுக்குச் செல்கின்றனர். ஒஷாவாவில் இப்பணி டர்ஹாம் பிராந்தியச் சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. விற்பியில் உளநலத்துக்கென 'ஒன்ராறியோ ஷோர்ஸ்' மருத்துவமனை உள்ளது. அங்கே கேட்கப்படும் வினாவுக்கும் தாயின் நாவுக்கும் இடையே உள்ள தொலைவே கவலைக்குரியது. 2023 நவம்பரிற் கனடா முழுவதற்கும் தொடங்கிய 988 என்னும் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடைபெறுகிறது. எடின்பரோக் கொத்தின் பத்தாம் வினா தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'ஆம்' எனும் தமிழ்த்தாய் அன்றிரவே யாரோடு பேசுவார் என்பதற்கு விடை வேண்டும்.

வினாக்கொத்தை எல்லாத் தாய்மாருக்கும் கட்டாயமாக்குவதே வழியா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அமெரிக்கத் தடுப்புச்சேவைக் குழு 2016இல் அதனை ஆதரித்தது. கனடிய நோய்த்தடுப்புப் பணிக்குழுவோ 2022இல், வழமையான கவனிப்பில் உளநலம் பற்றி வினவுவதைத் தொடருமாறும், அதற்கு மேலாக அனைவரையும் வினாக்கொத்தாலும் புள்ளி எல்லையாலும் பிரிப்பது வேண்டாம் எனவும் பரிந்துரைத்தது. இப்பரிந்துரை தாய்க்கும் மருத்துவருக்கும் இடையே உரையாடல் நிகழும் என்ற நம்பிக்கையில் நிற்பது. பொதுமொழி இல்லாத இடத்தில் அந்நம்பிக்கை தளர்கிறது. உரையாடலை நம்பும் கொள்கைக்கு வினாக்கொத்தை நம்பும் கொள்கையினும் மொழித்துணை மிகுதியாகத் தேவை.

துணையளிக்கும் முறைகள் இரண்டு நல்ல சான்றுகளோடு உள்ளன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துச் சிண்டி-லீ டெனிஸ் குழுவினர் ஒன்ராறியோவில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மிக்க 701 தாய்மாரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், முன்னர் அத்துயரை அனுபவித்து மீண்ட தாய்மார் தொலைபேசியிற் பேசித் துணைநின்றனர். 12 வாரத்தில், துணை பெற்றோரில் 14 விழுக்காட்டினரும் பெறாதோரில் 25 விழுக்காட்டினரும் 12க்கு மேற்பட்ட புள்ளி பெற்றனர். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஊர்ச் சுகாதாரப் பெண் ஊழியருக்குப் பயிற்சியளித்து மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடுகளுக்கு அனுப்பினர். ஆறாம் மாதத்தில் அத்தாய்மாருள் 23 விழுக்காட்டினரே சோர்வு நீங்காதிருந்தனர். மற்றைப் பிரிவில் அது 53 விழுக்காடு. அவ்வூழியர் தாயின் நோயைப் பேசுவதாகத் தொடங்கவில்லை. குழந்தையின் நலத்தைப் பேசுவதாகத் தொடங்கினர். அதனால் மாமியாரும் கணவரும் கதவடைக்காது உடனிருந்தனர். தமிழ் வீட்டுக்கு இதனினும் பொருத்தமான வாயில் இல்லை.

இவற்றின் வழி ஒஷாவாவுக்குச் சில முன்மொழிவுகள் கூறலாம். முதலாவது, வேலூர்த் தமிழ் வடிவத்தை ஈழவழக்குக்கு ஏற்பச் செப்பமிட்டு, அதன் எல்லைப் புள்ளியைக் கனடாவிற் சோதித்தறிதல். இரண்டாவது, கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்ப்பாளராக்காமை; உறவுச் சிக்கலே காரணமாக இருக்கக்கூடிய இடத்தில், அவர் வாயிலாக உண்மை வெளிவராது. மூன்றாவது, 'இரவில் குழந்தையை வாங்க யார் இருக்கிறார்', 'சமைப்பது யார்', 'மனம் விட்டுப் பேச யார் உண்டு' என்னும் மூன்று எளிய வினாக்களை உளநல வினாக்களோடு சேர்த்தல். நான்காவது, தந்தையரிடமும் அவ்வாறே வினவுதல். ஐந்தாவது, மீண்டுவந்த தமிழ்த் தாய்மாருக்குப் பயிற்சியளித்துத் தொலைபேசித் துணைவலை அமைத்தல்; ஒஷாவா, ஏஜாக்ஸ் எனப் பரந்து வாழ்வோருக்குத் தொலைவு அங்கே தடையன்று. உளநலக் குறையை ஒப்புக்கொண்டாற் பிள்ளையைப் பறித்துவிடுவர் என்ற அச்சம் தாய்மாரை வாய்மூட வைக்கிறது. உதவி நாடுவது பிள்ளையை இழக்கும் வழியன்று என்பதைத் தம்மைப் போன்ற ஒருவர் சொல்லும்போதுதான் அவர்கள் நம்புவர்.

7. முடிவுரை

மழலைப் பருவத்து நலம் பெற்றோரின் நலத்தோடும், பெற்றோரின் நலம் அவரைத் தாங்கும் உறவோடும், அவ்வுறவு இன்று குடிவரவுச் சட்டம், வேலைநேரம், வீட்டு விலை ஆகியவற்றோடும் பிணைந்துள்ளது. இவற்றுட் பல நம் கையில் இல்லை. வினாவின் மொழி நம் கையில் உள்ளது. பழந்தமிழ்ச் சொற்களுக்கு நிகண்டும் அகராதியும் கண்ட மரபு நம்முடையது. துயரைச் சொல்லும் இன்றைய வழக்குச் சொற்களை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், தமிழ்நாடு என வட்டார வேறுபாட்டோடு தொகுத்து மருத்துவர் கையில் தருதல் இம்மாநாட்டுத் துறையினருக்கு இயலாத பணியன்று. மொழியியலாரும் உளமருத்துவரும் தாதியரும் தாய்மாரும் சேர்ந்தமர்ந்தாற் சில ஆண்டுகளில் முடியக்கூடியது. அத்தொகுப்பு கையிலிருந்தால், 'ஒரே யோசனையாகக் கிடக்குது' என்று ஒரு தாய் சொல்லும்போது எதிரே அமர்ந்திருக்கும் தாதி அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை அறிவார்.